17,796-இல் எஞ்சியவை மூன்று: 1822 அரை ஈகிள் தங்க நாணயம்

எடை 8.75 கிராம். தங்கம் 22 காரட், நம் நகைக்கடையில் சொல்லும் அதே 916. ஒரு பவுனைவிட முக்கால் கிராம் கூடுதல். குறுக்களவு 25 மில்லிமீட்டர், பழைய ஸ்டீல் ஒரு ரூபாய்க் காசு அளவு. உருக்கினால் சுத்தத் தங்கமாக 8 கிராம் சொச்சம் தேறும். 2021 மார்ச் 25 அன்றைய சந்தை விலைக்கு அது சுமார் 450 டாலர். அதே நாள் லாஸ் வேகஸில் ஸ்டாக்ஸ் பவர்ஸ் நடத்திய ஏலத்தில் இந்தக் காசு 84 லட்சம் டாலருக்குப் போனது.

காசின் பெயர் அரை ஈகிள். முகமதிப்பு 5 டாலர், அச்சிட்ட ஆண்டு 1822, அச்சிட்ட இடம் பிலடெல்பியா நாணயச்சாலை. முன்பக்கம் தொப்பி அணிந்த சுதந்திர தேவியின் தலை, சுற்றிலும் 13 நட்சத்திரங்கள். பின்பக்கம் கழுகு, அதன் தலைக்கு மேலே நாடா போன்ற பட்டையில் 'இ ப்ளூரிபஸ் யூனம்' என்ற லத்தீன் வாசகம், காலுக்குக் கீழே '5 டி.', அதாவது 5 டாலர். அமெரிக்க அரசு நாணயச்சாலை அச்சிட்ட தங்க நாணயம் எதுவும் அதுவரை அந்த விலையைத் தொட்டதில்லை. அந்தச் சாதனை மூன்று மாதம்கூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அதே ஆண்டு ஜூன் 8 அன்று 1933 இரட்டை ஈகிள் என்ற 20 டாலர் தங்கக் காசு 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

இந்த ஒரு காசை மட்டும் எடுத்து விரிவாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. பழைய அமெரிக்கத் தங்கம் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பிளாஸ்டிக் உறையில் அச்சிட்ட, காசின் நிலையைச் சொல்லும் எண்ணைத்தான். 64 என்றால் நல்லது, 65 என்றால் இன்னும் நல்லது. இந்தக் காசின் உறையில் இருக்கும் எண் 50. எழுபதுக்கு ஐம்பது. அதற்கு ஏன் 84 லட்சம் டாலர் என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால், இந்தத் துறையில் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடுகிறது.

மற்றவை எங்கே போயின

1822-இல் நாணயச்சாலைக் கணக்கில் பதிவான அரை ஈகிள்கள் 17,796. இன்று இருப்பதாகத் தெரிந்தவை மூன்று. முந்தைய ஆண்டின் அச்சுகள் நல்ல நிலையில் இருந்தால் மறு ஆண்டும் அவற்றையே பயன்படுத்துவது அந்தக் கால வழக்கம். அதனால் இந்த 17,796-இல் ஒரு பகுதி 1821 என்ற தேதியைத் தாங்கி வெளிவந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் ஆயிரக்கணக்கில் 1822 காசுகள் இருந்திருக்க வேண்டும். அவை உலைக்குப் போயின.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. 1792 சட்டப்படி அமெரிக்காவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான விகிதம் 1-க்கு 15. ஒரு வெள்ளி டாலரில் 371.25 கிரெயின் சுத்த வெள்ளி (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்). ஐந்து டாலருக்கு 1,856.25 கிரெயின். அதைப் பதினைந்தால் வகுத்தால் 123.75. அரை ஈகிளில் இருந்த சுத்தத் தங்கம் சரியாக அவ்வளவுதான். சட்டத்தின் கணக்கு துல்லியமாக இருந்தது. ஆனால் பிரான்ஸில் 1803 முதல் விகிதம் 1-க்கு 15.5. அந்த விகிதத்தில் போட்டால் அதே காசின் தங்கம் 5 டாலர் 16 செண்ட் பெறும். 100 டாலருக்கு 3 டாலருக்கு மேல் லாபம். கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் போனாலும் மிஞ்சும். அதோடு 1821-இல் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை மறுபடியும் தொடங்கியது. லண்டனுக்குத் தங்கம் தேவைப்பட்டது.

விளைவு, பிலடெல்பியாவில் அச்சாகும் காசு அமெரிக்கக் கடைத்தெருவையே பார்க்காமல் கப்பலேறியது. அக்காலத்தில் நாணயச்சாலை தன் சொந்தத் தங்கத்தில் காசு அடிக்கவில்லை. வங்கிகளும் வியாபாரிகளும் தங்கம் கொண்டுவந்து கொடுப்பார்கள், காசாக வாங்கிப் போவார்கள். வாங்கியவருக்கு அது கையில் புழங்கும் பணமாகத் தெரியவில்லை. அளவும் தரமும் அரசே உறுதி செய்த தங்கக் கட்டியாகத்தான் தெரிந்தது. அதை மூட்டையாகவே அனுப்பினார்கள்.

மிச்சம் இருந்ததையும் 1834 ஜூன் 28 சட்டம் முடித்துவைத்தது. புதிய அரை ஈகிளில் சுத்தத் தங்கம் 116 கிரெயினாகக் குறைந்தது. அப்படியானால் பழைய காசில் இருக்கும் தங்கம் புதிய கணக்கில் 5 டாலர் 33 செண்ட். பழையதை வைத்திருந்தவர் நாணயச்சாலைக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் புதியதாக வாங்கினாலே 6 சதவீதத்துக்கு மேல் லாபம். யார் விடுவார்கள்?

இந்த இடத்தில் 1815 அரை ஈகிளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அடித்தவை மொத்தமே 635. ஆனால் இன்று ஏறக்குறைய ஒரு டஜன் இருக்கிறது. 635-இல் ஒரு டஜன், 17,796-இல் மூன்று! எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை வைத்து அரிதை அளக்கவே முடியாது. எத்தனை தப்பின என்பதுதான் கணக்கு. நாணயப் பட்டியல் புத்தகத்தில் முதல் பத்தியில் இருக்கும் உற்பத்தி எண்ணைப் பார்த்துவிட்டு விலை சொல்பவரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று காசுகள், மூன்று வழிகள்

முதல் காசு நாணயச்சாலையின் சொந்தச் சேகரிப்பில் இருந்தது. 1838-இல் அந்தச் சேகரிப்பு முறையாகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே தலைமை அச்சாளர் ஆடம் எக்ஃபெல்ட் நல்ல காசுகளை எடுத்துவைக்கும் பழக்கம் கொண்டவர். 1923-இல் சேகரிப்பு முழுவதும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாறியது.

இரண்டாவது காசு ஹார்லன் ஸ்மித் என்பவரிடம் இருந்தது. 1906-இல் சாப்மன் சகோதரர்கள் நடத்திய ஏலத்தில் 2,165 டாலருக்கு விற்றது. பிறகு வில்லியம் டனம் என்ற சிகாகோ சேகரிப்பாளரிடம் இருந்து, 1941-இல் 11,575 டாலருக்குக் கைமாறியது. கடைசியில் மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா லில்லியிடம் வந்து சேர்ந்தது. அவர் சேர்த்த ஆறாயிரத்துக்கும் அதிகமான தங்க நாணயங்கள் அவர் மறைவுக்குப் பின், 1968-இல், நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் வரிச் சலுகைக்கு ஈடாக ஸ்மித்சோனியனுக்குப் போயின. ஆக இரண்டு காசும் ஒரே அருங்காட்சியகத்தில். இனி அவை விற்பனைக்கு வரப்போவதில்லை.

மூன்றாவதுதான் நம் காசு. சிகாகோவில் பீர் ஆலை நடத்திய வர்ஜில் பிராண்ட் 1899-இல் இதை வாங்கினார். மூன்று லட்சத்துக்கும் அதிகமான காசுகள் வைத்திருந்த மனிதர் அவர். வாங்கியது ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தவர். 1926-இல் அவர் இறந்தபோது சேகரிப்பு இரு சகோதரர்களுக்குப் பாகம் பிரிந்தது. 1945-இல் பால்டிமோர் நிதித் தொழிலதிபர் லூயிஸ் எலியாஸ்பெர்க் 14,000 டாலருக்கு இந்தக் காசை வாங்கினார்.

எலியாஸ்பெர்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு மக்கள் கையில் இருந்த தங்கக் காசுகளை ஒப்படைக்கச் சொன்னபோது, சேகரிப்பாளர்களுக்குத் தனி மதிப்புள்ள அரிய காசுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. தங்கம் சட்டப்படி வைத்திருக்க அதுதான் வழி என்று இந்தப் பக்கம் வந்தவர் எலியாஸ்பெர்க். வந்தவர் 1950-க்குள் அமெரிக்கா அடித்த நாணயங்களில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் ஒன்று வீதம், அன்று தெரிந்த அத்தனையும் சேர்த்துவிட்டார். அவருக்கு முன்பு அதை யாரும் செய்ததில்லை. 1822 அரை ஈகிள் இல்லாமல் அது முடிந்திருக்காது.

1982 அக்டோபரில் நியூயார்க்கில் அவருடைய தங்கச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. இந்தக் காசு 6,87,500 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் 1870-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மூன்று டாலர் காசும் சரியாக அதே 6,87,500 டாலருக்குப் போனது. ஏலத்தில் கேட்ட விலை 6,25,000, அதன் மேல் வாங்குபவர் கட்டணம் 10 சதவீதம். 1822-ஐ வாங்கியது டெக்சஸில் டாலஸைச் சேர்ந்த போக் குடும்பம். டி. பிரெண்ட் போக் தன் தந்தையோடு சேர்ந்து உருவாக்கிய சேகரிப்பு பழைய அமெரிக்க நாணயங்களில் மிகச் சிறந்ததாகப் பேசப்படுவது.

1899 முதல் 2021 வரை, 122 ஆண்டுகளில், மூன்றே வீடுகள். இதை ஆங்கிலத்தில் ப்ரொவனன்ஸ் என்கிறார்கள். நாம் கைவழி வரலாறு என்று சொல்லலாம். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோமே, அதே காரியம்தான். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வக்கீல் கையெழுத்துப் போடத் தயங்குவார். இங்கே ஒரு கண்ணியும் விட்டுப்போகவில்லை.

ஏயு-50 என்றால் என்ன

நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை அளக்கும் முறையை 1949-இல் வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்தார். அவர் அதைச் செய்தது தங்கத்துக்காக அல்ல, பழைய பெரிய செப்பு செண்டுகளுக்காக. 70 நிலையில் இருக்கும் காசு, 1 நிலையில் இருக்கும் காசைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் எண்ணம். விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. மூன்றாம் ஆளாக நின்று காசைப் பார்த்து, எண் கொடுத்து, முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. சேகரிப்பாளர்கள் அந்த உறையை ஸ்லாப் என்பார்கள்.

60-இலிருந்து மேலே புழக்கத்துக்குப் போகாத காசு. 50 முதல் 58 வரை ஏயு, அதாவது கிட்டத்தட்ட புழங்காதது. 40, 45 எக்ஸ்எஃப், லேசாகத் தேய்ந்தது. அதற்குக் கீழே விஎஃப், இன்னும் தேய்ந்தது. இந்தக் காசுக்குப் பிசிஜிஎஸ் கொடுத்தது ஏயு-50. அந்த வகுப்பின் கடைசிப் படி.

அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல யோசித்துப் பாருங்கள். இருட்டறை, மேசை மேல் ஒரே ஒரு விளக்கு. காசின் விளிம்பை இரு விரலால் பிடித்து, விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்க்க வேண்டும். அச்சு தங்கத்தில் இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக உறைந்துவிடும். புதுக் காசைச் சாய்த்தால் அந்தக் கோடுகளில் பட்ட வெளிச்சம் சக்கர ஆரம்போலச் சுழலும். லஸ்டர் என்பது இதுதான். வெறும் பளபளப்பு வேறு. காசு பையிலும் கையிலும் புரளும்போது முதலில் மேடான இடங்களில் இந்தக் கோடுகள் தேயும். அரை ஈகிளில் காதுக்கு மேலே இருக்கும் மயிர்ச்சுருள், தொப்பியின் உச்சி, கன்னம், மறுபக்கம் கழுகின் இறக்கை விளிம்பு, கால் நகம். அங்கெல்லாம் தேய்மானம் தெரிந்து, எழுத்துகளுக்கு நடுவிலும் நட்சத்திர இடுக்குகளிலும் லஸ்டர் இன்னும் ஒளிந்திருந்தால் அது ஏயு.

22 காரட் தங்கம் மென்மையானது. கொஞ்சம் உரசினாலே தடம் விழும். அதனால் 1834-க்கு முந்தைய தங்கத்தில் தடங்கள் இருப்பது இயல்பு. கேள்வி, அவை என்ன தடங்கள் என்பதுதான். அச்சடிக்கும் முன்பே எடை கூடுதலாக இருந்த தகட்டை நாணயச்சாலை ஊழியர்கள் அரத்தால் இழைத்துச் சரிசெய்வார்கள். தொடக்க காலக் காசுகள் பலவற்றில் அந்த அரக் கோடுகள் இணையாக ஓடுவதைப் பார்க்கலாம். அவை பிறவித் தழும்பு. கிரேடு செய்பவர்கள், அதாவது நிலையைப் பார்த்து எண் கொடுப்பவர்கள், அவற்றுக்குப் பெரிதாக மதிப்பெண் குறைப்பதில்லை. பிற்காலத்தில் யாரோ துணியில் பொடி வைத்துத் தேய்த்த கோடுகள் அப்படி அல்ல. அவை ஒரே திசையில், மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும். அதைக் கண்டால் எண்ணே கொடுக்க மாட்டார்கள், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். விலை பாதிக்குக் கீழே போய்விடும்.

இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பாட்டியின் காசுமாலையிலிருந்து பிரித்த விக்டோரியா பவுன் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தலைக்கு மேலே கோப்பதற்கு வளையம் பற்றவைத்திருந்தார்கள். வளையத்தை எடுத்துவிட்டால் நல்ல காசாகிவிடும் என்று நினைத்து ஒரு பட்டறையில் கொடுத்தேன். அழகாக எடுத்து, கேட்காமலே மெருகும் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிபோல மின்னியது. ராணியின் கூந்தலில் 140 ஆண்டு தப்பிப் பிழைத்த கோடுகள் ஒரு மத்தியானத்தில் போய்விட்டன. நகைக்கடைக் கண்ணுக்கு அது முன்பைவிட நல்ல காசு. சேகரிப்பாளர் கண்ணுக்கு எட்டு கிராம் தங்கம். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. கடிகாரச் சங்கிலியிலும் பதக்கத்திலும் தொங்கிய பழைய ஈகிள்கள், அரை ஈகிள்கள் ஏராளம்.

சரி, 1822-க்கு வருவோம். ஒரு வகையில் 2,000 காசு இருந்தால் 62-க்கும் 64-க்கும் இடையில் விலை பல மடங்கு மாறும். ஏனென்றால் வாங்குபவருக்குத் தேர்வு இருக்கிறது. வாங்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று என்றால் தேர்வு எங்கே? இந்தக் காசு 45 என்று வந்திருந்தாலும் 53 என்று வந்திருந்தாலும் ஏலத்தில் கை தூக்கியவர்கள் தூக்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கிரேடு இங்கே செய்த வேலை வேறு. இது நிஜக் காசு, மேற்பரப்பு பிறந்தபடியே இருக்கிறது, துளை அடைத்ததோ வளையம் எடுத்ததோ கிடையாது என்று ஒரு மூன்றாம் ஆள் பொறுப்பேற்றுச் சொன்னதுதான் அதன் பங்கு. அந்த உறுதிமொழிக்குத்தான் மதிப்பு. எண் அதற்குப் பின்னால்தான் வரும்.

நிஜமா போலியா என்பதில் இந்தக் காசுக்கு ஒரு சாதகம் உண்டு. 1822 அரை ஈகிளுக்கு ஒரே ஒரு ஜோடி அச்சுதான் தெரியும். மூன்று காசும் அந்த ஜோடியில் பிறந்தவை. நட்சத்திரம் எந்த இடத்தில், தேதியின் எண்கள் எவ்வளவு இடைவெளியில், எழுத்து எங்கே சாய்கிறது என்பதெல்லாம் மூன்றிலும் ஒன்றாக இருக்கும். நாளைக்கு யாராவது நான்காவது காசு என்று ஒன்றைக் கொண்டுவந்தால் அதை ஸ்மித்சோனியன் காசுகளோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடலாம். வேறொரு ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி 2 ஆக்கிய காசு அங்கே தாங்காது.

2016-இல் நின்றது, 2021-இல் நகர்ந்தது

போக் சேகரிப்பை 2015 மே முதல் நியூயார்க்கில் பகுதி பகுதியாக ஏலம் விட்டார்கள். 2016 மே 24 அன்று 1822 அரை ஈகிள் மேடைக்கு வந்தது. கேட்பு 60 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் விற்பவர் மனதில் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைத் தொடவில்லை. காசு குடும்பத்துக்கே திரும்பியது.

ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் வந்தபோது கேட்பு 70 லட்சத்தில் முடிந்தது. மேலே 20 சதவீதக் கட்டணம் சேர்ந்து 84 லட்சம். செய்தியில் வருவது எப்போதும் இந்தப் பெரிய எண். சுத்தியல் விழுந்த விலை வேறு, வாங்குபவர் கொடுக்கும் விலை வேறு. நகைக்கடையில் தங்கம் ஒரு விலை, செய்கூலி சேதாரம் சேர்த்துப் பில் ஒரு விலை என்பதுபோலத்தான். ஏலத்தில் கை தூக்கும் முன் இந்த 20 சதவீதத்தை மனதில் கழித்துக்கொண்டு உச்சவரம்பைத் தீர்மானிக்காதவர்கள் பலர் பில்லைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

முதலீடு என்று பார்த்தால்? 1982-இல் கொடுத்தது 6,87,500. 2021-இல் சுத்தியல் விழுந்தது 70 லட்சத்தில். 38 ஆண்டில் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இதே காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு, ஈவுத்தொகையைச் சேர்க்காமலே, இருபத்தைந்து மடங்குக்கு மேல் வளர்ந்தது. உலகத்திலேயே தனியார் கையில் இருக்கும் ஒரே 1822 அரை ஈகிளே இவ்வளவுதான் கொடுத்தது. தங்க நாணயம் வாங்கினால் பணம் கொழிக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார்கள். பணத்துக்காக இதில் இறங்குபவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். பிராண்டும் எலியாஸ்பெர்க்கும் போக்கும் அந்தக் காசை வைத்திருந்த ஆண்டுகளைப் பாருங்கள். அது விற்பதற்காக வாங்கியவர்களின் காலக்கணக்கு இல்லை.

இதே வகைக் காசு ஒன்று வேண்டும், ஆனால் லட்சங்களில் டாலர் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் தேடுவது 1813. அதே தொப்பித் தலை, அதே கழுகு, அதே 916. ராபர்ட் ஸ்காட் திருத்திய இந்த வடிவம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. 95,428 அடித்தார்கள், அவற்றில் ஓரளவு தப்பியும் இருக்கின்றன. அதற்கும் கை எட்டாதவர்கள் 1834 சட்டத்துக்குப் பின் வந்த, பட்டையும் வாசகமும் இல்லாத 'கிளாசிக் ஹெட்' காசுகளுக்குப் போவார்கள்.

1813-ஐப் பார்க்கும்போது எண்ணைப் படிக்கும் முன் முதலில் காசின் விளிம்பைப் பாருங்கள். தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில். வளையம் பற்றவைத்து எடுத்திருந்தால் விளிம்பின் வரிகள் அங்கே நாலைந்து மட்டும் மழுங்கியிருக்கும், அல்லது புதிதாக வெட்டியதுபோலக் கூர்மையாக இருக்கும், தங்கத்தின் நிறமும் ஒரு நெல் அளவுக்கு மாறியிருக்கும். அப்புறம் காசைத் திருப்பி, கழுகின் காலடியில், '5 டி.'க்குக் கீழே, அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.